எப்பிடிச் சொன்னே?

"பாய், டீ சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லிவிட்டுப் போகிற ஆளில்லை அவர். முதலில் கண்ணை மூடிக்கொள்வார். தலையை இடது பக்கம் லேசாகச் சாய்ப்பார். ஏதோ தூரத்தில் இருப்பதைத் தேடுகிறவர் மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். பிறகு கண்ணைத் திறந்து, "எப்பிடிச் சொன்னே?" என்பார்.

முதல் தடவை எனக்கு விளங்கவில்லை. "டீ வேணுமான்னு கேட்டேன் பாய்" என்று கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

"அது கேட்டுச்சு. எப்பிடிச் சொன்னே? ஆசையா கேட்டியா, சலிச்சுக்கிட்டுக் கேட்டியா?"

சலித்துக்கொண்டுதான் கேட்டேன். காலையிலிருந்து ஒன்பது பேருக்கு டீ வாங்கி வந்தவள் வேறெப்படிக் கேட்பாள்? ஆனாலும் "ஆசையாத்தான் பாய்" என்று சொல்லி வைத்தேன். அவர் அதை அப்படியே நம்பித் தலையாட்டினார். குரலில் ஏமாற்றினால் எந்தக் குழந்தையும் கண்டுபிடித்துவிடும். வளர்ந்த ஒரு மனிதர் அப்படி நம்பியது எனக்கு என்னவோ போல் இருந்தது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. செல்போன் எல்லார் கைக்கும் வர ஆரம்பித்திருந்த காலம். புதுச்சேரியில் சாரம் பகுதியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த பேச்சுப் பயிற்சி நிலையத்தில் உதவியாளர் வேலை பார்த்தேன். உதவியாளர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, வாய் வேலை. ஆபரேஷன் செய்து காதுக்குள் கருவி வைத்துக்கொண்டவர்கள், பெரும்பாலும் நாலைந்து வயதுக் குழந்தைகள், கேட்கப் பழகுவதற்காக அங்கே வருவார்கள். எம்பிராய்டரி போடுகிற மரவளையத்தில் கறுப்புத் துணியை இழுத்து மாட்டி, அதை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு நான் பேச வேண்டும். உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடாது, காதால் மட்டுமே கேட்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

சொற்கள் பழகியவர்களுக்கு அடுத்த பாடம் உண்டு. ஒரே வாக்கியத்தைச் சந்தோஷமாக, வருத்தமாக, கோபமாக, பயமாக என்று நாலு விதமாகச் சொல்வேன். மேசையில் நாலு அட்டைகள் இருக்கும். சிரிக்கிற மூஞ்சி, கண்ணீர் விடுகிற மூஞ்சி, சிவந்த மூஞ்சி, கண்ணை அகல விரித்த மூஞ்சி. நான் எப்படிச் சொன்னேன் என்று அதில் ஒன்றைத் தொட்டுக் காட்ட வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு அழுகிறவள் என்று வீட்டில் தங்கை என்னைக் கிண்டல் செய்வாள்.

குழந்தைகளுக்கென்று போட்டிருந்த குட்டை நாற்காலியில் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருப்பார் பாய். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முல்லா வீதிப் பக்கம் வீடு, பெரிய மார்க்கெட்டை ஒட்டிக் கட்பீஸ் துணிக்கடை. மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதும் போய், நாலு வருடம் ஒன்றுமே கேட்காமல் இருந்து, பிறகு சென்னையில் ஆபரேஷன் செய்துகொண்டவர். காதுக்குப் பின்னால் மண்டையில் ஒரு வட்டத் தகடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஒயர் இறங்கிச் சட்டைப்பையில் உள்ள பெட்டிக்குப் போகும். தகட்டிலும் காந்தம், தோலுக்கு அடியிலும் காந்தம். துணிக்கடைக்காரர் என்பதால் சட்டைக் காலரில் எப்போதும் நாலைந்து குண்டூசி குத்தியிருப்பார். குழந்தைகளைச் சிரிக்க வைக்க, தகட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு குண்டூசியை வைத்துக் காட்டுவார். அது விழாமல் நிற்கும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

வந்த முதல் வாரமே என் கறுப்புத் துணியைக் குறை சொன்னார். "இது குரல முழுங்குது பொண்ணு" என்று விரலால் தடவிப் பார்த்தார். மறுநாள் கடையிலிருந்து 'வாயில்' ரகக் கறுப்புத் துணி ஒரு முழம் கொண்டுவந்து அவரே வளையத்தில் மாட்டிக் கொடுத்தார். அவ்வளவு மெல்லிசான துணி வழியாகப் பார்த்தால் அவர் முகம் புகைக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோலத் தெரியும்.

அவருக்கு என்ன கேட்கிறது, என்ன கேட்கவில்லை என்பதை நிலையத்தை நடத்திய மேடம் எனக்கு விளக்கியிருக்கிறார்கள். சொல் தெரியும். சத்தமா மெதுவா என்பது தெரியும். வேகமா நிதானமா என்பதும் தெரியும். குரல் ஏறுவதும் இறங்குவதும், ஒருவர் குரலை அவர் குரலாக்குகிற அந்த நெளிவும் மட்டும் கருவி வழியாகச் சரியாகப் போகாது. பாய் இதையே வேறு மாதிரி சொல்வார். "சொல்லு வருது. ஆளு வரல. டைப் அடிச்ச கடுதாசி மாதிரி. எழுதுனவன் கை நடுங்குச்சா, சிரிச்சுக்கிட்டு எழுதுனானா, எப்பிடித் தெரியும்?"

கடையில் இதனால் கூத்தெல்லாம் நடந்திருக்கிறது. ஒருமுறை கவுண்ட்டருக்குக் கீழே குனிந்து துணிக்கட்டைத் தேடிக்கொண்டிருந்தாராம். மேலே ஒரு அம்மாள், முதல் நாள் வாங்கிய துணியில் சாயம் போய்விட்டதென்று வேகவேகமாகக் கத்தியிருக்கிறாள். வேகமும் சத்தமும் சேர்ந்து வந்ததால் ஆசையாகத்தான் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டு, குனிந்தபடியே, "தம்பி, அம்மாவுக்கு ஒரு கூல்டிரிங்க்ஸ் சொல்லு" என்று குரல் கொடுத்தாராம். அந்த அம்மாள் துணியைக் கவுண்ட்டரில் எறிந்துவிட்டுப் போய்விட்டாள். அன்றோடு மகன் அவரைக் கல்லாவிலிருந்து எழுப்பி, உள்ளே துணி மடிக்கிற இடத்தில் உட்கார வைத்துவிட்டான். இந்தக் கதையைச் சொல்லும்போது நாங்கள் எல்லாம் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் அவருடைய சிரிப்பு முகத்தில் மட்டும்தான் இருக்கும்.

அதுதான் எனக்குப் பழகவே இல்லை. கேட்கிற குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் போனதும், மெல்ல மெல்ல அவருடைய சொந்தக் குரலிலும் அது இல்லாமல் போய்விட்டது. எல்லாமே ஒரே மட்டத்தில், தரையைத் துடைத்துக்கொண்டு போவதுபோல வரும். ஒருநாள் உள்ளே வந்து உட்கார்ந்து, "பக்கத்து வீட்டுக்காரரு மவுத்தாயிட்டாரு. முப்பது வருசப் பழக்கம். ஃபேன கொஞ்சம் கொறச்சு வை" என்றார். சாவுச் செய்தி உட்பட மூன்று வாக்கியமும் ஒரே மாதிரி இருந்தன. வாசலில் காத்திருந்த ஒரு தாய் தன் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பேரன் பிறந்த செய்தியையும் அதே குரலில்தான் சொன்னார். மேடம் பதறிப்போய், "என்ன ஆச்சு பாய்?" என்று கேட்டார்கள்.

ஒரே ஒரு சொல் மட்டும் தப்பித்திருந்தது. கடைக்கு வருகிற பழைய பிரெஞ்சுப் பென்ஷன் வீட்டுக்காரர்களிடம் சின்ன வயதில் பிடித்துக்கொண்ட பழக்கம், பயிற்சி முடிந்து எழுந்திருக்கும்போது நன்றி என்பதற்கு "மெர்சி" என்பார். அந்தச் சொல்லின் கடைசி மட்டும் மேலே எழும்பி நிற்கும். வேறு யாரோ அவருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவதுபோல இருக்கும்.

வந்து ஒரு மாதம் ஆனபின், இனிமேல் எனக்கு வேறு வாக்கியம் எதுவும் வேண்டாம், ஒரே ஒரு சொல் போதும் என்றார். "சம்மதம்" என்ற சொல். ஏன் என்று கேட்டேன். சொன்னார்.

அவர்கள் வீட்டு நிக்காஹில், அதை நடத்தி வைக்கிற ஹஜ்ரத்தும் மாப்பிள்ளையும் வெளியே உட்கார்ந்திருப்பார்கள். பெண் உள்ளே, திரைக்கு அந்தப் பக்கம். பெண் சார்பில் வக்கீல் என்று ஒருவரும் சாட்சிகள் இரண்டு பேரும் திரைக்கு இந்தப் பக்கம் நின்று, இன்னாருக்கு உன்னை நிக்காஹ் செய்து கொடுக்கச் சம்மதமா என்று பெண்ணைக் கேட்பார்கள். அவள் சொன்னதைக் கேட்டு வந்து சபையில் சாட்சி சொல்வார்கள். அவள் வாயிலிருந்து வராமல் எதுவும் நடக்காது. காது நன்றாக இருந்த காலத்தில் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் சாட்சிக்குப் பாயைத்தான் கூப்பிடுவார்கள். ஆபரேஷன் முடிந்து அவர் பேச்சுக் கேட்கத் தொடங்கியதும், அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாடுகிற மாதிரி, தங்கையின் மூத்த மகள் கல்யாணத்தில் மறுபடியும் அவரையே நிறுத்தினார்கள்.

"சம்மதம்னு சொன்னா. எனக்குச் சுத்தமா கேட்டுச்சு. காது வந்துடுச்சுன்னு எனக்கே பெருமை. போயி சாட்சி சொன்னேன். நாலு மாசத்துல திரும்பி வந்துட்டா. அந்தப் பையன் வேணாம்னு அவளுக்கு மொதல்லயே தோணியிருக்கு. அவங்க அத்தாவுக்கு, எங்க மச்சானுக்கு, நெஞ்சுவலி, அதனால வாயத் தொறக்கல. அன்னிக்கு அழுதுக்கிட்டேதான் சொன்னாளாம். ஒரு நாள் என்னைப் பாத்து, 'என் குரல் உங்களுக்குக் கேக்கலயா மாமா?'ன்னு கேட்டா. அதுக்கப்புறம் எங்கிட்ட பேசுறதில்ல. ஒன்றரை வருசம் ஆச்சு."

இதையும் தரையைத் துடைக்கிற குரலில்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடாமல் என்னையே பார்த்து, "நான் எப்பிடிச் சொன்னேன்?" என்று கேட்டார்.

அவர் குரலில் ஒன்றும் இல்லை. காலி டப்பா. "ரொம்ப வருத்தமா சொன்னீங்க பாய்" என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது அவள் தங்கை, இளையவளுக்கு நாள் குறித்திருந்தது. மாமாதான் சாட்சி நிற்க வேண்டும் என்று அவளே சொல்லிவிட்டாளாம். இன்னும் ஏழு வாரம். அதற்குள் அந்த ஒரு சொல்லை, திரைக்குப் பின்னால் இருந்து, எப்படிச் சொன்னாள் என்று கண்டுபிடிக்கப் பழகிவிட வேண்டும். "மூஞ்சியப் பாத்தா தெரியாதா பாய்?" என்று கேட்டதற்கு, "மூஞ்சிய யாரு வேணா வச்சுக்கலாம். அதுவுமில்லாம அங்க மூஞ்சி ஏது?" என்றார்.

தொடங்கினோம். நான் வளையத்தைப் பிடித்துக்கொண்டு "சம்மதம்" என்பேன். அவர் கண்ணை மூடி, மேசையில் இரண்டு விரலால் தட்டி, அட்டையைத் தொடுவார். வருத்தம் சீக்கிரமே பிடிபட்டது, அது மெதுவாக வரும். கோபத்தை அதன் முதல் எழுத்தில் விழுகிற அடியை வைத்துப் பிடித்துக்கொண்டார். சந்தோஷமும் பயமும்தான் ஒன்றாகவே இருந்தன. இரண்டும் வேகமாக வருகின்றன, இரண்டும் சத்தமாக வருகின்றன என்பார். சிரிக்கிற மூஞ்சிக்கும் கண் விரித்த மூஞ்சிக்கும் நடுவில் விரல் போய்ப் போய்த் திரும்பும். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது நான் சம்மதம் சொல்லியிருப்பேன்.

ஒரு சொல்லை அத்தனை தடவை சொன்னால் அது வெறும் சத்தமாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு நடந்தது வேறு. என் குரல் என்னிடமிருந்து கழன்றுகொண்டது. மூலக்குளத்துக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வாய் தானாக "சம்மதம்" என்று முனகும், பக்கத்துச் சீட்டுக்காரி நகர்ந்து உட்காருவாள். அம்மா சோறு போடட்டுமா என்று கேட்டால் பயக் குரலில் "போடு" என்று வரும். எனக்குப் பயமே இருக்காது. "ஆஸ்பத்திரிக் குரல்ல பேசாதக்கா, புல்லரிக்குது" என்று தங்கை கத்துவாள். குளிக்கும்போது ஒருநாள் சும்மா என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். அதில் நாலும் இருந்தது. எது என்னுடையது என்று தெரியாமல் தண்ணீரை மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டேன்.

ஐந்தாவது வாரத்தில் அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். "சொல்லக் கேக்கக் கூடாது. அதுக்கு முன்னாடி கேக்கணும்" என்றார். "பயந்து சொன்னா, சொல்லுக்கு முன்னாடி ஒரு எடம் காலியா இருக்கு. மூச்சு அங்க நிக்குது. சந்தோஷத்துல அந்த எடம் கெடையாது." அன்று பத்துக்கு எட்டுச் சரியாகச் சொன்னார். மேடம் கைகொடுத்தார்கள். நான் உள்ளுக்குள் ஆடிப்போயிருந்தேன். பயக் குரலுக்கு முன்னால் நிறுத்த வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் நடித்த பயத்துக்குள் அந்த இடம் எப்படி வந்தது?

அந்த வாரம்தான் எனக்கும் ஒரு வரன் வந்தது. பையன் வில்லியனூர்ப் பக்கம், வேலை டவுனில். வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். மறுநாள் காலையில் மேட்டுப்பாளையத்துக் கம்பெனி ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா, குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டே, "அவங்க சரின்னுட்டாங்க. உனக்குச் சரிதான?" என்றார்.

"ம்."

அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த "ம்"முக்கு முன்னால் ஒரு இடம் காலியாக இருந்ததா என்று நான் நாள் முழுக்க யோசித்தேன்.

இளையவளின் கல்யாணத்துக்கு முந்தின நாள் பாய் என்னை அழைத்தார். "நீ உள்ள பொண்ணு பக்கத்துல ஒக்காந்துக்கோ. அவ சொல்றத நான்தான் காதால கேப்பேன். ஆனாலும் ஒரு பயம். அவ சந்தோஷமா சொன்னான்னு உனக்குப் பட்டுச்சுன்னா திரைய ஒரு தடவ இழு. அது போதும் எனக்கு." சரி என்றேன். கைப்பையில் அந்த நாலு அட்டைகளையும் போட்டுக்கொண்டு போனார். ஓரம் நைந்துபோன பழைய அட்டைகள், மேடம் அவரையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

முல்லா வீதி வீட்டில் உள்கூடத்துக்கும் முன்கூடத்துக்கும் நடுவே கனத்த பச்சைத் திரை கட்டியிருந்தார்கள். பெண் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் அவள் அக்கா, மூத்தவள். இந்தப் பக்கம் நான். திரைக்கு அடியில் மூன்று ஜோடி வெறுங்கால்கள் வந்து நின்றன. வக்கீலாக வந்திருந்த பெரியப்பா முறைப்படி கேட்டு முடித்தார்.

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "சம்மதம்" என்றாள்.

இரண்டு ஜோடிக் கால்கள் திரும்பின. ஒரு ஜோடி அங்கேயே நின்றது. நான் திரையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இழுத்திருக்க வேண்டும். கூச்சத்தோடு எல்லாப் பெண்ணும் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு நின்றது. அது அவளுடையதா, ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்குப் பதில் சொன்ன என்னுடையதா என்று எனக்குப் புரியவில்லை. என் கை அசையவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"இன்னொரு தடவ சொல்லும்மா" என்றது அந்தக் குரல்.

"சம்மதம் மாமா." இதில் சிரிப்பு இருந்தது.

"இன்னொரு தடவ."

"சம்மதம்." கொஞ்சம் குழப்பம்.

"அதான் சொல்லிட்டாளே, வா" என்று பெரியப்பா அவர் கையைப் பிடிப்பது திரையின் அசைவில் தெரிந்தது. கால்கள் நகரவில்லை. மறுபடி கேட்டார். மறுபடி சொன்னாள். எனக்கு அட்டைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. சிரிப்பு போய்க் கோபம் வந்தது, கோபம் போய் அழுகை வந்தது. ஏழாவது தடவை சொன்ன "சம்மதம்" யார் குரலென்றே தெரியவில்லை. அவர் மட்டும் ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், பயிற்சி அறையில் கேட்கிற மாதிரியே, "இன்னொரு தடவ" என்றார்.

பிறகு திரைக்கு அடியிலிருந்து அந்த அட்டைகள் வந்தன. நாலையும் வரிசையாகத் தரையில் தள்ளி வைத்தது அவர் கை. "எந்த மூஞ்சின்னு தொட்டுக் காட்டும்மா. ஒண்ணே ஒண்ணு."

பெண் தன் அக்காவைப் பார்த்தாள். ஒன்றரை வருடமாக மாமாவிடம் பேசாதவள், அவரைத் திட்டப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் தங்கையின் முழங்கையைப் பிடித்து, "தொடுடி. உண்மையா தொடு" என்றாள்.

மருதாணி விரல் கொஞ்ச நேரம் அட்டைகளுக்கு மேல் நின்றது. பிறகு கண்ணை அகல விரித்த மூஞ்சியைத் தொட்டு, திரைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டது.

முன்கூடத்தில் அவர் சொன்னது உள்ளே எல்லாருக்கும் கேட்டது. "பொண்ணு சம்மதம்னு சொன்னா. ஆனா பயந்துக்கிட்டுச் சொல்றா. நான் சாட்சி சொல்ல மாட்டேன்." ஃபேனைக் குறைக்கச் சொன்ன அதே குரல். ஹஜ்ரத் அந்தப் பெண்ணையே மறுபடி கேட்டு வரச் சொன்னார். வேறு இரண்டு பேர் வந்து நின்று கேட்டபோது அவளால் அழ மட்டுமே முடிந்தது. அன்று நிக்காஹ் நடக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் சண்டை எதுவும் போடாமல் எழுந்து போனார்கள், அது சண்டையைவிடக் கஷ்டமாக இருந்தது. அண்டா அண்டாவாக ஆக்கிய சோற்றைத் தெருவுக்கே கொடுத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து அந்தப் பெண்ணைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஒதுங்கிப் போகப் பார்த்தேன், அவளே வந்து பேசினாள். அந்த மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டதாம்.

"பயம் இருந்துச்சுக்கா. யாருக்குத்தான் இருக்காது? பயம் மட்டுந்தான்னு நான் சொல்லவே இல்லியே. மாமா ஒரே ஒரு அட்டைய தொடச் சொன்னாரு" என்றாள்.

குரலை மட்டும் வைத்து மனசைச் சொல்கிற வேலை பார்த்தவள் நான். அவள் அதை எப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் பாய் கொஞ்ச நாள் பயிற்சிக்கு வந்தார். "மூத்தவ பேசுறா. சின்னவ பேசல" என்று ஒருநாள் சொன்னார். வழக்கம்போல எப்பிடிச் சொன்னேன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

வில்லியனூர்ப் பையனோடு நடந்த என் கல்யாண வரவேற்புக்கு வந்தார். வரிசையில் நின்று மேடையேறி, என் கணவர் கையைக் குலுக்கிவிட்டு, என் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். சட்டைப்பையில் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு அட்டையின் நைந்த ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது.

"எத்தன தடவ கேட்டாங்க?"

"ஒரு தடவ பாய்."

"எப்பிடிச் சொன்னே?"

போட்டோ எடுக்கிறவர் காத்துக்கொண்டிருந்தார். கணவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். வேகமாக, சத்தமாகச் சிரித்தேன். அவர் இரண்டு விரலால் தன் தொடையில் தட்டிக்கொண்டு அது முடிகிற வரை கேட்டார். கண்ணைத் திறந்து, "மெர்சி" என்றார். அந்தச் சொல்லின் கடைசியும் இப்போது எழும்பவில்லை. அவரை நான் பார்த்தது அதுதான் கடைசி.

கொடுத்துவிட்டுப் போன பொட்டலத்தில் ஒரு பட்டுக் கட்பீஸும், அதன் மடிப்புக்குள் மூன்று அட்டைகளும் இருந்தன. சிரிக்கிறது, அழுகிறது, சிவந்தது. கண் விரித்ததை அவரே வைத்துக்கொண்டுவிட்டார்.

என் கணவர் நல்லவர். இத்தனை வருடத்தில் குறை சொல்லும்படி ஒன்றும் இல்லை, இதை யார் கேட்டாலும் சொல்வேன். ஆனாலும் வீட்டில் யாரும் இல்லாத சில மதியங்களில் பீரோவைத் திறந்து அந்த அட்டைகளை எடுத்து மேசையில் வரிசையாக வைப்பேன். பழக்க தோஷத்தில் நாலாவதுக்கும் இடம் விட்டுத்தான் வைப்பேன். அப்பா கேட்டதை நானே கேட்டுக்கொண்டு, "ம்" என்று சொல்லி, கண்ணை மூடி விரலை நீட்டுவேன். ஒரு தடவைகூட அது அட்டையில் படுவதில்லை. மேசையின் வெறும் மரத்தில்தான், அந்தக் காலி இடத்தில்தான் போய் நிற்கிறது.